டிசைன் சுவரில் துண்டு நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் அறையில், தைக்கும் முன் துண்டுகளை அடுக்கிப் பார்க்கும் டிசைன் சுவர் தகராறு செய்தால், முதலில் கை போகவேண்டிய இடம் ஃபேன் ரெகுலேட்டர். அடுத்தது சுவரில் போர்த்திய ஃப்ளானலின் (புசுபுசுப்பான துணி) மேல் படிந்திருக்கும் நூல் பிசிறு. இந்த இரண்டையும் பார்க்காமல் புதுத் துணி வாங்குவதும், பலகையைக் கழற்றி மாட்டுவதும் வீண் செலவு. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும், காசு பிடிக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம்.

இங்கே டிசைன் சுவர் என்று சொல்வது, தெர்மாகோல் அல்லது சாஃப்ட்போர்டின் மேல் ஃப்ளானலோ காட்டன் பேட்டிங்கோ (குவில்டின் உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு) போர்த்தி, செங்கல் சுவரில் மாட்டிய பலகையை. அளவு சுமார் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். கம்பியில் தொங்கவிடும் வெறும் ஃப்ளானல் விரிப்புக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

சோதனைக்கென்று மூன்று துண்டுகளை ஒரு டப்பாவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: 2.5 இன்ச் காட்டன் சதுரம், 6.5 இன்ச் காட்டன் சதுரம், தைத்து முடித்த 12.5 இன்ச் பிளாக் (பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம்). மூன்றும் துவைத்து, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டவையாக இருக்கட்டும். எப்போதும் இதே மூன்றை வைத்துப் பார்த்தால்தான் கோளாறு சுவரிலா, துணியிலா என்று பிரிக்க முடியும். நல்ல சுவரில், ஃபேன் நின்றிருக்கும்போது, முதல் இரண்டும் ஊசி இல்லாமல் இரவு முழுக்க நிற்கவேண்டும். 12.5 இன்ச் பிளாக் பத்து நிமிடம் நின்றால் போதும். அதற்கு மேல் அது ஊசி கேட்டால் சுவரின் குறை அல்ல.

## அறிகுறி 1: துண்டுகள் உதிர்ந்து விழுகின்றன

ஃபேனை நிறுத்துங்கள். ஏசி இருந்தால் அதன் இலைகளை வேறு பக்கம் திருப்புங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். சோதனைத் துண்டுகளை வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவுங்கள். பிறகு எது விழுகிறது என்று பார்த்து, கீழே உள்ள கிளைகளில் ஒன்றுக்குப் போங்கள்.

### 1அ. ஃபேன் நின்றால் எல்லாம் நிற்கிறது, ஓடினால் விழுகிறது

சுவரில் குறை இல்லை. கூரை ஃபேனின் காற்று தரையில் மோதி, சுவர் ஓரமாக மேலேறித் துண்டின் கீழ் விளிம்பைத் தூக்குகிறது. துண்டின் மேல் விளிம்பில் மட்டும் ஊசி குத்தினால் கீழ்ப் பகுதி படபடத்துக்கொண்டே இருக்கும். கீழ் விளிம்பிலும் ஒன்று வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. கூரை ஃபேனை ஒன்றாம் எண்ணில் வைத்துவிட்டு, மேசை ஃபேனைச் சுவருக்கு எதிர்த்திசையில் காற்று போகும்படி வையுங்கள். இரவில் அடுக்கலை அப்படியே விட்டுப்போக வேண்டுமென்றால், பலகையின் மேல்விளிம்பில் ஒரு கம்பி போட்டு, கொசுவலைத் துணியைத் தரை வரை தொங்கவிடலாம். கீழ்ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே ஒரு சங்கிலியோ கனமான கயிறோ நுழைத்துவிட்டால் வலை பறக்காது. பூனை வளர்க்கும் வீட்டுக்கும் இது உதவும்.

### 1ஆ. முன்பு நின்றது, இப்போது எதுவுமே நிற்பதில்லை

பிசிறு அடைத்துவிட்டது. விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நல்ல ஃப்ளானலில் புசுபுசுவென்ற மெல்லிழைகள் நிமிர்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளியைப் பிடிக்கும். அடைத்துப்போன ஃப்ளானலில் அந்த இழைகள் படுத்திருக்கும். அவற்றின் மேல் பல நிற நூல்கள் பின்னிக்கிடக்கும், இடையிடையே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். துண்டு அந்தப் படலத்தின் மேல்தான் உட்காருகிறது, ஃப்ளானலைத் தொடுவதே இல்லை.

ஃப்ளானலுக்கு ஒட்டும் ரோலர் போதும். இல்லாவிட்டால் அகலமான பேக்கிங் டேப்பைக் கையில் தலைகீழாகச் சுற்றி ஒற்றி எடுங்கள். பிறகு காய்ந்த துணிப் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து இழைகளை நிமிர்த்துங்கள். மேலிருந்து கீழாகத் தேய்த்தால் இழை படுத்துவிடும். பேட்டிங் போர்த்தியிருந்தால் ரோலர் வேண்டாம், பஞ்சையே உரித்துவிடும். நூல்களைக் கையால் பொறுக்கிவிட்டு, வாக்குவம் குழாயின் வாயில் பழைய நைலான் சாக்ஸைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில் இழுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 2.5 இன்ச் சதுரம் நிற்கவில்லையென்றால் ஃப்ளானலைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கலாம். மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது இழைகளின் மேல் வழுவழுப்பாகப் படிந்து பிடிப்பைக் குறைக்கும். துவைத்தும் நிற்கவில்லை, கைபட்ட இடங்களில் துணி வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது.

### 1இ. புதிதாகச் செய்த சுவர், முதல் நாளிலிருந்தே நிற்பதில்லை

துணியைத் தலைகீழாகப் போர்த்தியிருக்கலாம். சில ஃப்ளானல்களில் ஒரு பக்கம் மட்டும்தான் புசுபுசுப்பு. ஓரத்தை மடித்து இரு பக்கங்களையும் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலைவிடக் கன்னம் சரியாகச் சொல்லும். டைனிங் டேபிளுக்கு விற்கும் ஃப்ளானல் முதுகுள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதன் முதுகுப் பக்கம்தான் வெளியே வரவேண்டும்.

இல்லையென்றால் துணியே வேறாக இருக்கலாம். குளிர்கால விற்பனையில் ஃப்ளானல் என்ற பெயரில் கிடைக்கும் பல போர்வைகள் பாலியஸ்டர். தொட்டால் வெல்வெட் போல இருக்கும், துண்டு வழுக்கி இறங்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு பொடியும் சாம்பலாக விழுந்தால் காட்டன். சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். பாலியஸ்டர் என்றால் அதைக் கழற்ற வேண்டாம். மேலேயே காட்டன் ஃப்ளானலையோ காட்டன் பேட்டிங்கையோ போர்த்திவிடுங்கள். பேட்டிங் வாங்கும்போது, ஊசியால் குத்திப் பிணைத்த காட்டன் ரகம் துண்டைப் பிடிக்கும். சூட்டில் ஒட்டவைத்த பாலியஸ்டர் ரகத்தின் மேற்பரப்பு மழமழப்பாக இருக்கும். குவில்டின் உள்ளே வைக்க நல்லது, சுவருக்கு ஆகாது.

### 1ஈ. சில துணிகள் மட்டும் விழுகின்றன

கடையிலிருந்து வந்த புதுக் கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். செட்டிநாடு காட்டன், சுங்குடி போன்றவற்றைத் துவைக்காமல் வெட்டினால் துண்டு அட்டை போல விறைத்து, விளிம்பு மட்டும் சுவரைத் தொடும். வெட்டும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். ஏற்கனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் துவைக்காதீர்கள், ஓரம் பிரிந்துவிடும்; அந்தத் துண்டுகளுக்கு மட்டும் ஊசி குத்திக்கொள்ளுங்கள். வெட்டும்போது துல்லியத்துக்காக ஸ்டார்ச் அடித்திருந்தாலும் இதே கதைதான்.

பட்டு, சாட்டின், ரேயான் துண்டுகள் எந்த ஃப்ளானலிலும் ஒழுங்காக நிற்காது. பழைய பட்டுப் புடவையில் குவில்ட் தைப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஊசி குத்தும்படியான பலகையைத்தான் செய்யவேண்டும். ஜரிகை உள்ள துண்டு அதன் கனத்தாலேயே இறங்கும்.

### 1உ. துண்டு நிற்கிறது, தைத்த பிளாக் விழுகிறது

பிளாக்கின் முதுகில் தையல் ஓரங்கள் மேடு கட்டி நிற்பதால் துணி சுவரைத் தொடும் பரப்பு குறைகிறது, கனமும் கூடுகிறது. முதுகுப் பக்கம் நன்றாக இஸ்திரி போட்டு மடிப்பைப் படியவையுங்கள். அதன் பிறகும் விழுந்தால் மேல் மூலைகளில் இரண்டு ஊசி. பலகையைக் கொஞ்சம் சாய்ப்பதும் பலன் தரும். 6 அடி உயரப் பலகையின் அடி, சுவரிலிருந்து 3 முதல் 4 இன்ச் முன்னால் இருந்தாலே வித்தியாசம் தெரியும். தரையில் நிற்கும் பலகைக்கு இது சுலபம். மாட்டிய பலகைக்குக் கீழ்ப்புறம் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்கலாம்.

## அறிகுறி 2: ஃப்ளானல் தொங்குகிறது, சுருக்கம் விழுகிறது

சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக ஓடினால், துணியின் நேர் இழை பலகையின் ஓரத்துக்கு இணையாக இல்லை. அடித்த ஸ்டேப்ளில் பாதியையாவது கழற்றி, துணியைத் திருப்பி மறுபடி அடிக்கத்தான் வேண்டும். கையால் இழுத்துச் சமாளித்தால் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

ஸ்டேப்ளிலிருந்து ஸ்டேப்ளுக்கு மாலை போல வளைந்தால், இடைவெளி அதிகம். 2 இன்ச்சுக்கு ஒன்று அடியுங்கள்.

மழைக்காலத்தில் தொங்கி, வெயில் வந்ததும் தானே சரியாகிறது என்றால் ஈரப்பதம்தான் காரணம். அதற்காக மழைநாளில் இழுத்து இறுக்காதீர்கள். கோடையில் துணி விறைத்து, பலகையை வளைத்துவிடும். இறுக்குவதை வறண்ட நாளில் செய்யுங்கள்.

ஓரத்தில் ஸ்டேப்ளே பிடுங்கிக்கொண்டு வருகிறதா? நேரடியாகத் தெர்மாகோலில் அடித்திருக்கிறீர்கள். தெர்மாகோல் ஸ்டேப்ளைத் தாங்காது. பின்னால் ரீப்பர் (மெல்லிய நீள மரக்கட்டை) சட்டம் ஒன்று வேண்டும். அடுத்த அறிகுறியில் அளவு இருக்கிறது.

மறுபடி அடிக்கும் வரிசை: நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொன்று. பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் நடுவிலிருந்து மூலையை நோக்கி, மாற்றி மாற்றி. மூலைகள் கடைசியில். 8 அல்லது 10 மில்லிமீட்டர் பின் போதும். துணி தட்டினால் படியவேண்டும், மத்தளம் போல அதிரக்கூடாது. பலகையைச் சுற்றி மடிக்க நான்கு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

2 மீட்டருக்கு 1.5 மீட்டர் பலகையை 44 இன்ச் அகல ஃப்ளானலால் ஒரே பன்னாவில் மூட முடியாது, 58 இன்ச்சும் போதாது. இணைப்புத் தையல் போட்டால், நடுவில் வராமல் மேலோ கீழோ ஒதுக்கி, தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கம் மடித்தால் அந்த மேட்டில் துண்டு நிற்காது.

## அறிகுறி 3: பலகை வில்லாக வளைந்திருக்கிறது

குழிந்திருக்கும் பக்கத்தில் ஒரு நூலை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அரை இன்ச்சுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அடுக்குவதற்கு ஒரு குறையும் வராது. அதற்கு மேல் என்றால்:

சாய்த்து வைத்த பலகையாக இருந்தால் அதன் சொந்தக் கனமே வளைத்திருக்கும். திருப்பிப்போட்டு, சமதளத் தரையில் இரண்டு நாள் படுக்கவையுங்கள். வளைவு குறைந்தால், இனி சாய்க்காமல் மாட்டிவிட வேண்டியதுதான்.

ஃப்ளானலை ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டியிருந்தால் முன்பக்கம் உள்வாங்கும். நான்கு பக்கமும் ஸ்டேப்ளைத் தளர்த்திப் பாருங்கள். பலகை நிமிர்ந்தால் காரணம் அதுவே.

இரண்டும் இல்லையென்றால் சட்டம் கேட்கிறது. 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் பலகைக்கு, 2 இன்ச் அகலம் 1 இன்ச் கனமுள்ள ரீப்பரில், குறுக்கே 2 மீட்டர் நீளத்தில் மூன்று, நெடுக்கே மேலும் கீழும் இடைவெளியை நிரப்பும் அளவில் இரண்டிரண்டு துண்டுகள் போதும். மரக்கடையில் வாங்கும்போதே ஒரு நுனியைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். கோணல் ரீப்பர் பலகையையும் கோணலாக்கும்.

தெர்மாகோலை மரத்தில் ஒட்ட ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசைதான். ரப்பர் பசை, ஸ்ப்ரே பசை, தின்னர் கலந்த எதுவும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். வாங்கிய பசையின் மேல் சந்தேகம் என்றால் உடைந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஒட்டிய பின் புத்தகக் கட்டுகளை மேலே பரப்பி ஒரு நாள் வையுங்கள். 1 மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் ஷீட் ஆறு வேண்டும். செங்கல் அடுக்குவது போல இணைப்புகளை முன்பின்னாக மாற்றிவைத்தால் மடங்காது.

சாஃப்ட்போர்டு வளைந்திருந்தால் கதை வேறு. அது மரநாரில் செய்தது, ஈரம் குடித்தால் உப்பும். உப்பிய சாஃப்ட்போர்டு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அறிகுறி 6-ஐப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

## அறிகுறி 4: ஊசி நிற்கவில்லை

ஊசி கொஞ்சம் இறங்கியதும் முட்டுகிறது: பின்னால் உள்ள சுவரோ பிளைவுட்டோதான். தெர்மாகோல் 1 இன்ச்சுக்குக் குறைவாக இருக்கும். அரை இன்ச் ஷீட் இன்னொன்றை மேலே ஒட்டுங்கள். அதுவரை ஊசியை நேராகக் குத்தாமல் சாய்வாகக் குத்துங்கள்: தலை மேலே, முனை கீழ்நோக்கி. கனமான பிளாக்குக்கு எப்போதுமே இந்தச் சாய்வுதான்.

குத்தவே முடியவில்லை, ஊசி வளைகிறது: சன்போர்டு. விளம்பரப் பலகைக்காரர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதென்று பலர் இதை வாங்கிவிடுகிறார்கள். பார்க்கத் தெர்மாகோல் போல வெள்ளையாக, இலகுவாக இருந்தாலும் அது கடினமான பிவிசி. தூக்கிப்போட வேண்டாம், சட்டத்துக்குப் பதில் முதுகுப் பலகையாக வைத்து, முன்னால் 1 இன்ச் தெர்மாகோல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஊசி இறங்குகிறது, ஆனால் கழன்று விழுகிறது, தரையில் வெள்ளை மணிகள் சிதறுகின்றன: தெர்மாகோல் அடர்த்தி குறைந்த ரகம், அல்லது ஒரே இடத்தில் குத்திக் குத்தி உதிர்ந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றால் மலிவு ரகம். நடுவில் உள்ள ஷீட்டுகள்தான் முதலில் போகும். அவற்றை மட்டும் அறுத்தெடுத்து அடர்த்தியான ரகத்தை அதே இடத்தில் பதியுங்கள். மொட்டை மாடியில் வெப்பத் தடுப்புக்குப் போடும் எக்ஸ்பிஎஸ் பலகை கிடைத்தால் மணி உதிரவே உதிராது. தெர்மாகோலைவிட விலை கூடுதல்தான், ஆனாலும் தினமும் ஊசி குத்துபவர்களுக்கு அதையே பரிந்துரைப்போம்.

இஸ்திரி மேசையைப் பலகையிலிருந்து 3 அடியாவது தள்ளிப்போடுங்கள். தெர்மாகோல் சூட்டில் உருகும், தீப்பிடித்தால் வேகமாக எரியும்.

## அறிகுறி 5: பலகையே சுவரைவிட்டு இறங்குகிறது

ஒட்டும் டேப்பில் மாட்டியிருக்கிறீர்களா? சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி வந்தால் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவர். அதில் எந்த டேப்பும் நிற்காது. டேப் சுவரைப் பிடிப்பதில்லை, பொடியைத்தான் பிடிக்கிறது. பொடி வரவில்லையென்றால் ஒரு அடி பேக்கிங் டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் உரிந்தால் அதே முடிவு.

பெயின்ட் உறுதியாக இருந்தும் விழுகிறது என்றால் கனத்தைப் பாருங்கள். 1 இன்ச் தெர்மாகோல், 8 அடிக்கு 4 அடி அளவில் ஒன்றிரண்டு கிலோதான். அதே அளவில் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டோ அரை இன்ச் சாஃப்ட்போர்டோ சுமார் 10 கிலோ வரும். அதற்கு டேப் கூடாது.

வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது என்றால்: லாஃப்டின் விளிம்பிலிருந்து எஸ் கொக்கி போட்டு வெறும் விரிப்பைத் தொங்கவிடலாம், மர அலமாரியின் கதவுகளில் ஃப்ளானலை மேலும் கீழும் மடித்து உள்பக்கமாக மாட்டலாம், இரண்டு ஓரங்களிலும் சுவர் இருந்தால் இடையில் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் வெறும் விரிப்பைப் போடலாம். மூன்றிலும் ஊசி பிடிக்காது, 6.5 இன்ச் வரை துண்டு நிற்கும்.

சொந்த வீடு என்றால் ஸ்க்ரூதான். 1 இன்ச் ரீப்பர், அரை இன்ச் பூச்சு, செங்கலுக்குள் ஒன்றரை இன்ச்: ஆக 3 இன்ச் ஸ்க்ரூ. 8 மில்லிமீட்டர் பிட், அதே அளவு பிளக். 45 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஏற்கனவே போட்ட ஸ்க்ரூ ஆடுகிறது என்றால் பிளக் பூச்சோடு நின்றிருக்கும், செங்கலைத் தொட்டிருக்காது. அதே ஓட்டையைப் பெரிதாக்காமல், 5 சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாக ஆழமாகப் போடுங்கள்.

டிரில் வைக்கும் முன்: சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சுவர் விளக்கு இவற்றுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் பக்கவாட்டிலும் சுவருக்குள் வயர் பைப் ஓடும். அந்தக் கோட்டின் இருபுறமும் 15 சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். மறுபக்கம் குளியலறையோ சமையலறைத் தொட்டியோ இருந்தால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள்.

ஆள் கூப்பிடும் இடம்: வயர் போகும் வழி தெரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன். டிரில் போட்டதும் செங்கல் பொடிக்குப் பதில் வெள்ளையாக மாவு போல வந்து, பிளக் சும்மா சுழன்றால் அது இலகுவான கட்டுமானக் கல்லாகவோ உள்ளீடற்ற கல்லாகவோ இருக்கும். அதற்கு வேறு வகை பிளக் வேண்டும். தச்சர் பார்த்துச் சொல்வார்.

## அறிகுறி 6: மஞ்சள் கறை, கரும்புள்ளி, முக்கல் வாடை

துணிகளை உடனே எடுத்துவிடுங்கள். பலகையைக் கழற்றிச் சுவரைப் பாருங்கள்.

சுவரும் காய்ந்திருக்கிறது, பலகையின் முதுகும் காய்ந்திருக்கிறது, கறை முன்பக்கம் மட்டும்தான் என்றால், ஈரத்தோடு துண்டுகளை ஒட்டியிருப்பீர்கள். நீராவி இஸ்திரி போட்ட துண்டு கையில் குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஃப்ளானலைத் துவைத்தால் போதும்.

சாயம் இறங்கியதும் இப்படித்தான் தெரியும், ஆனால் அது துண்டின் வடிவத்திலேயே இருக்கும். நீலச்சாயமிட்ட துணி, அடர்சிவப்புக் கலம்காரி ஆகியவை காய்ந்த நிலையிலும் உரசினால் நிறம் விடும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தத் துணியின் மேல் பத்து முறை தேயுங்கள். நிறம் வந்தால் வெட்டும் முன் தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். சுவரில் கறை படிவது பெரிய நஷ்டமில்லை, அந்தச் சாயம் பக்கத்து வெள்ளைத் துண்டில் ஏறுவதுதான் நஷ்டம்.

சுவர் ஜில்லென்று இருக்கிறது, பூச்சு கொப்பளித்திருக்கிறது, வெள்ளை உப்பு பூத்திருக்கிறது என்றால் ஓதம். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். நீர்த்துளி பாலித்தீனுக்குள், சுவர்ப் பக்கம் படிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் படிந்தால் அறைக் காற்றின் ஈரம்.

அறைக் காற்று என்றால், பலகைக்கும் சுவருக்கும் இடையே 1 இன்ச் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்திருக்கும்படி மாட்டுங்கள். சுவருக்குள்ளிருந்து என்றால் அந்தச் சுவரில் மாட்டவே வேண்டாம்; சக்கரம் வைத்த நிற்கும் சட்டமாக மாற்றுங்கள். மேலே பெயின்ட் அடித்து மூடினால் அடுத்த மழையில் அதே இடம் கொப்பளிக்கும்.

சாஃப்ட்போர்டு, பிளைவுட், ரீப்பர் எதிலாவது பென்சில் கனத்தில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். குழாயை ஒரு இடத்தில் உடைத்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் உயிரோடு இருக்கிறது.

ஆள் கூப்பிடும் இடம்: ஓதத்துக்கு முதலில் பிளம்பர், குழாய்க் கசிவு இல்லை என்று உறுதியானபின் நீர்க்காப்பு வேலை செய்பவர். கரையானுக்குப் பூச்சி ஒழிப்புக்காரர். கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கொல்லும்.

## அறிகுறி 7: அடுக்கல் சுவரில் கொள்ளவில்லை, அல்லது கட்டத்தோடு ஒத்துப்போகவில்லை

தைக்காத துண்டில் தையல் ஓரம் சேர்ந்தே இருக்கிறது. பக்கத்துக்குக் கால் இன்ச், ஆக ஒவ்வொரு துண்டிலும் அரை இன்ச். 6.5 இன்ச் பிளாக் 12 வரிசை என்றால் சுவரில் 78 இன்ச், தைத்தபின் 72.5. சின்னத் துண்டில் வித்தியாசம் இன்னும் பெரிது: 2.5 இன்ச் சதுரம் 30 வைத்தால் 75 இன்ச், தைத்தபின் 60.5.

ஆகவே பலகையைப் பெரிதாக்கும் முன், துண்டுகளை அரை இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துப் பாருங்கள். இடமும் மிச்சம், தைத்தபின் வரும் தோற்றமும் அதுதான். முக்கோணங்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் கூர்முனைகள் ஒன்றுசேராத மாதிரித் தெரியும். அது அடுக்கலின் குறை அல்ல, தையல் ஓரம் காட்டும் தோற்றம்.

கட்டம் அச்சிட்ட ஃப்ளானல் பொருந்தவில்லையென்றால் 20 கட்டங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள். 2 இன்ச் கட்டம் 40 இன்ச் காட்டவேண்டும். குறைந்தால் துணி சுருங்கியிருக்கிறது, கூடினால் அதிகமாக இழுத்து அடித்திருக்கிறீர்கள். நீங்களே கட்டம் போடுவதாக இருந்தால் துணியை அடித்து முடித்த பிறகு போடுங்கள். பென்சில் வேண்டாம், வெளிர்நிறத் துண்டில் கரி ஏறும். நீளத் தையலில் சாம்பல் நிற நூல் ஓட்டினால் போதும்.

## அறிகுறி 8: சுவரில் பார்த்த நிறம், பகலில் வேறாக இருக்கிறது

சந்தேகமான இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு நிழலான தாழ்வாரத்தில் பாருங்கள். அங்கே ஒத்துப்போய், அறையில் ஒத்துப்போகவில்லை என்றால் விளக்குதான்.

ஒரே அறையில் மஞ்சள் பல்பும் நீலம் கலந்த வெள்ளை டியூப்லைட்டும் சேர்ந்து எரிகிறதா? ஒன்றை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். அடுத்தது சுற்றுப்புறம்: அடர்நிறத் திரைச்சீலை, பச்சைச் சுவர் எல்லாம் வெள்ளை ஃப்ளானலில் தங்கள் சாயலைக் காட்டும். வெளிர்நிறத் துணிகளையே அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு வெள்ளையைவிட வெளிர்சாம்பல் ஃப்ளானல் பொருத்தம்.

விளக்கை மாற்றுவதாக இருந்தால் பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சாதாரண 6500 கெல்வின் டியூப் சிவப்பையும் காவியையும் மங்கவைக்கும். ஒரே விளக்கை உங்கள் தலைக்குப் பின்னால் வைத்தால் உங்கள் நிழலே அடுக்கலில் விழும். பலகையின் இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக இரண்டு வேண்டும்.

நிறம் சரி, ஆனாலும் வடிவம் எடுபடவில்லை என்றால் அது அடர்த்திச் சிக்கல். மொபைலில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துபோகும் இடத்தில் ஒன்றை அடர்த்தியாகவோ வெளிறியதாகவோ மாற்றவேண்டும்.

ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் அடுக்கலை வாரக்கணக்கில் விட்டால், வெயில் பட்ட துண்டுகள் வெளுத்து, மடிப்புக்குள் இருந்த ஓரம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். அந்தத் துண்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பகலில் திரையை இழுத்துவிடுங்கள்.

ஆள் கூப்பிடும் இடம்: விளக்கு இருக்கும் இடமே சரியில்லை, புதிய பாயின்ட் வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியன். பலகையின் பின்னால் வயரை இழுத்து ஸ்டேப்ள் அடித்து நிறுத்தாதீர்கள். பைப்புக்குள் விட்டு, தெர்மாகோலுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.